சேதாரக் கணக்கு

முதுநகர் ரேஷன் கடை.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ராத்திரி ஏழரைக்குத் தராசில் ஏறினேன்.
நூற்று முப்பத்தொன்று புள்ளி நாலு.
ஆஸ்பத்திரி மெஷின்
நூற்றிருபதோடு மூச்சை நிறுத்திக்கொள்ளும்.
இது அரிசி மூட்டைக்குச் செய்தது,
கூச்சப்படாமல் சொன்னது.

என் பேர் அஞ்சலாட்சி.
வரிசையின் வால்பக்கத்தில் அது
அஞ்சாளாட்சி.
"கவர்மெண்டு பருப்பு எங்க போவுதுன்னு
பாத்தாலே தெரியுதே" என்பாள் ஜெகதாம்பா.
பில் போட்டபடியே சிரிப்பேன்.
சம்பளத்தில் அந்தச் சிரிப்பும் சேர்த்திதான்.

திருப்பாப்புலியூர் போகும் ஷேர் ஆட்டோவில்
எனக்கு ரெண்டு ஆள் காசு.
யாரும் கேட்டதில்லை. நானே நீட்டுவேன்.
கேட்டுவிடுவானோ என்ற பயத்துக்குத்
தினம் இருபது ரூபாய் அதிகம்.

வெள்ளத்து வருஷம்
எங்கள் தெருவுக்குள் படகு வந்தது.
தேவனாம்பட்டினத்துப் பையன்கள்
ஒவ்வொருவராகக் கைகொடுத்து ஏற்றினார்கள்.
என்னைப் பார்த்தார்கள்.
பிறகு ஒருவனை ஒருவன் பார்த்துக்கொண்டார்கள்.
"அடுத்த ட்ரிப்புல வாங்கக்கா."
நல்ல பையன்கள். சொன்னபடி வந்தார்கள்.
நடுவில் நாற்பது நிமிஷம்
மாடிப்படியில் உட்கார்ந்து
ஒரு பாக்கெட் பிரெட் முழுசையும் தின்றேன்.
பசியே இல்லை.

பாண்டிச்சேரியில் வைத்துச் செய்தார்கள்.
நகைக்கடன், தம்பி மாசிலாமணி எடுத்த சீட்டு.
போகும்போது கன்னியக்கோயில் தாண்டுகிற வரை
ஒரு முறுக்குப் பொட்டலத்தோடு
சத்தம் வராமல் விடைபெற்றுக்கொண்டிருந்தேன்.
வயிற்றில் அஞ்சு ஓட்டை.
நாலில் மூன்று பங்கு எடுத்தாச்சு,
மிச்சம் ஒரு வாழைப்பழ அளவு என்றார் டாக்டர்.
எடுத்தது எங்கே என்று கேட்டேன்.
சிரித்தார்.
நான் பதினெட்டு வருஷமாக
வரவும் இருப்பும் எழுதுகிறவள் சார்.
கால் கிலோ குறைந்தாலும் காரணம் வேண்டும் எங்களுக்கு:
எலி. ஈரம். சாக்குக் கிழிசல்.
என்னை எந்தப் பத்தியில் எழுதினீர்கள்?

பிறகு
இருமல் மருந்து மூடியில் ரசம்.
ஒரு இட்லிக்கு இருபது நிமிஷம்.
அவசரப்பட்டால் வாசலுக்கு ஓட்டம்.
மூணாம் மாசம் சீப்பு நிறைய முடி.
மேல்கைத் தோல்
கொடியில் போட்ட பாவாடை மாதிரி
ஃபேன் காற்றுக்கு ஆடுகிறது.
பசி என்கிற அந்தக் கத்துகிற குழந்தை
வீட்டைவிட்டே போய்விட்டது.
போனில் அலாரம் வைத்துச் சாப்பிடுகிறேன்.
சில ராத்திரி அதன் சத்தம் இல்லாமல்
தூக்கம் பிடிப்பதில்லை.

ஜெகதாம்பா இப்போது குரலைத் தாழ்த்துகிறாள்:
"என்னம்மா, சக்கரையா?
இல்ல... வேற எதாச்சுமா?"
பருத்தபோது திருடி,
இளைத்தால் சாகக் கிடக்கிறவள்.
நடுவில் ஏதோ ஒரு கிலோவில்
நான் சும்மா ஒரு பொம்பளையாக இருந்திருப்பேன்.
அது எந்த வாரம் என்று
கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

கடை திறக்கக் கட்டைவிரலை வைத்தால்
ரெண்டு தடவை சிவப்பு, மூணாவதில் பச்சை.
மெஷினுக்கும் சந்தேகம்தான்.

போன வெள்ளிக்கிழமை எழுபத்தெட்டு.
வெளியே ஏழுமலை லாரியில் இருந்து
லோடு இறக்கிக்கொண்டிருந்தான்.
ஐம்பது கிலோ மூட்டையை முதுகில் வாங்கி
நாலு படி ஏறிப் பொத்தென்று போட்டான்.
இடுப்பைப் பிடித்துக்கொண்டு பீடி பற்றவைத்தான்.
நான் அதை இறக்காமலே தூங்கியிருக்கிறேன்.
அதை வைத்துக்கொண்டே
மாசிலாமணி கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருக்கிறேன்.
ஒரு பீடி கூடக் கேட்கவில்லை யாரிடமும்.

சாயந்திரம் ஷேர் ஆட்டோ.
காலி மீன் கூடையோடு ஒருத்தி ஏறி
என் தோளில் தோள் இடிக்க உட்கார்ந்தாள்.
"கொஞ்சம் தள்ளிக்கம்மா."
இத்தனை வருஷத்தில் என்னிடம்
யாரும் இடம் கேட்டதே இல்லை.
அவள் ஈரப்புடவை என் மேல் பட்டது.
பட்டுக்கொண்டே வந்தது, நான் நகரவில்லை.

இறங்கும்போது பழக்கத்தில்
நாற்பது ரூபாயை நீட்டிவிட்டேன்.
"ஒரு ஆள்தானே? இன்னொண்ணு யாருக்கு?"
என்றான் டிரைவர்.

"அவ அடுத்த ட்ரிப்புல வருவா" என்றேன்.